பாரோஸில் கப்பல் நின்ற பத்து நிமிடம்

கப்பல் கிளம்பிவிட்டது. நிஜமாகவே கிளம்பிவிட்டது என்று எனக்குள்ளேயே இரண்டு தரம் சொல்லிக்கொள்கிறேன். நேற்று இதே நேரத்துக்கு இதே நாக்ஸோஸ் துறைமுகத்தில் பெட்டிகளோடு நின்றபோது சீட்டுக் கொடுக்கிற பெண் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, காற்று, பெருங்காற்று, இன்றைக்கு ஒரு கப்பலும் போகாது என்று இரண்டு கைகளையும் விரித்தாள். வரிசையில் நின்றவர்கள் முகமெல்லாம் தொங்கிப்போயிற்று. எனக்கு மட்டும் மழைக்கு லீவு விட்ட பள்ளிக்கூடம் மாதிரி உள்ளுக்குள் ஒரே கூச்சல். இன்னும் ஒரு நாள்! ஏதென்ஸில் இரண்டு நாள் என்று போட்டிருந்த திட்டம் ஒரே நாளாகச் சுருங்கிவிட்டது, நாளை மதியம் விமானம், ஆனாலும் அந்தத் தீவு எங்களைப் போகாதே என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்ததில் எனக்கு அவ்வளவு பெருமை. நாற்பத்தொன்பது வயதில் ஒரு ஊர் என்னைப் போகாதே என்கிறது. அந்த ஒரு நாளில்தான் காற்றுப் படாத ஒரு சின்ன வளைகுடாவைத் தேடிப் போய், முதலில் கணுக்கால் வரைக்கும் என்று இறங்கி, பிறகு முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று சுடிதாரோடு கழுத்து வரைக்கும் போய்விட்டேன். தண்ணீர் ஜில்லென்று விலாவைப் பிடித்தது. கீழே என் கால்விரல் பத்தும் கண்ணாடிக்குள் இருப்பது போலத் தெரிந்தன. கரையில் இவர் என் துப்பட்டாவை மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஏதோ கோயிலில் பிரசாதம் வாங்க நிற்பவர் போல நின்றார். இப்போதும் தலைமுடியில் உப்பு இருக்கிறது. நாக்கால் உதட்டைத் தொட்டால் உப்பு. காற்று இன்றைக்கு அடங்கியிருக்கிறது என்று பெயர்தான், மேல்தளத்தில் உட்கார்ந்தால் செருப்பையே தூக்கிக்கொண்டு போய்விடும் போலிருக்கிறது. போகட்டும்.

இந்தக் காற்றை எனக்கு நன்றாகத் தெரியும். கோபிச்செட்டிபாளையத்தில் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருஷம் இதை நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வரைந்திருக்கிறேன். கோடையில் வடக்கேயிருந்து தெற்கே. மத்திய தரைக்கடல் காலநிலை, கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் மழை, ஆலிவ், திராட்சை, ஆரஞ்சு, எலுமிச்சை. அறுபது பிள்ளைகளும் ஒரே ராகத்தில் திருப்பிச் சொல்வார்கள். பவளக்கொடி டீச்சர் கிளாஸ் பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்கும் என்று தலைமையாசிரியர் குறை சொல்வார். கடலுக்கு நீலச் சாக்பீஸ்தான், தீவுகளுக்கு விரல் நுனியால் தொட்டுத் தொட்டு நீலத்தை அழித்துவிடுவேன், புள்ளி புள்ளியாகப் பலகையின் கறுப்புத் தெரியும், அதுதான் கிரீஸ். அப்படி அழித்த புள்ளி ஒன்றில்தான் எட்டு நாள் இருந்தேன்! புத்தகத்தில் போட்டிருந்தது எல்லாமே உண்மை, ஆனால் பாதிதான் உண்மை. மலைச்சரிவில் செடிகளை மிதித்து நடந்தால் வெயிலில் கற்பூரவள்ளி வாசனை குப்பென்று வரும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. உருளைக்கிழங்கை இப்படி வறுக்க முடியும் என்று இல்லை. யாரைப் பார்த்தாலும் "எலா, எலா" என்கிறார்கள், வா என்று அர்த்தமாம். கடைக்காரர் கூப்பிட்டார், பஸ் ஓட்டுபவர் கூப்பிட்டார், ஒரு அம்மாள் மாடியிலிருந்து தன் பூனையைக் கூப்பிட்டாள், நான் நிமிர்ந்து பார்த்தேன், என்னைத்தான் என்று. பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகளிடம் சொல்லவேண்டும். எதை முதலில் சொல்வது? எலுமிச்சை மரம் வீட்டுக்கு வீடு இருக்கிறது, கண்ணுகளா, ஆனால் ஊறுகாய் போடத் தெரியவில்லை.

இவர் எனக்கு எதிரே உட்கார்ந்து தூரத்தில் குறையும் தீவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெயர் சென்னியப்பன். வயது ஐம்பத்து நான்கு. உடுமலைப்பேட்டையில் அரசு கால்நடை மருத்துவர். இவரைக் கல்யாணம் செய்துகொண்டு நாலு மாதம் ஆகிறது. எனக்கு இது இரண்டாவது, அவருக்கு இதுதான் முதல். எப்படி வந்தது என்று கேட்டால் ஒரு மயிலைத்தான் சொல்லவேண்டும். பள்ளி மைதானத்தில் மோட்டார் சைக்கிளில் அடிபட்டுக் கிடந்த பெண் மயிலை, என் பழைய சேலையில் சுற்றி ஆட்டோவில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அப்போது இவர் கோபியில்தான் இருந்தார். "டீச்சர், தலையைப் புடிச்சுக்குங்க, மூக்குல கொத்திப் போடும்" என்றார். நான் டீச்சர் என்று அவரிடம் சொல்லவே இல்லை. விரலில் சாக்பீஸ் தூளைப் பார்த்தாராம். அதற்குப் பிறகு மயில் எப்படியிருக்கிறது என்று சொல்ல மூன்று வாரம் தினமும் போன் செய்தார். அந்த மயிலை நாலாம் நாளே வனத்துறைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் மயில் நன்றாகத் தேறிக்கொண்டே வந்தது. ஒரு நாள், "உலகத்துல ஒரே ஒரு எடம் பாக்கலாம்னா எங்க போவீங்க?" என்றார். யோசிக்காமல் சொன்னேன். கல்யாணம் முடிந்த மறுவாரம் அவருடைய அக்காவிடம், என் நங்கையாளிடம், கிரீஸுக்குப் போகிறோம் என்று சொன்னபோது, "வண்டிக்குப் போடற கிரீஸா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு அவர்தான் இன்னொன்றும் சொல்லிவிட்டார். "இன்னும் என்ன பவளம் டாக்டரு டாக்டருன்னு? ஊசி போட வந்தவளாட்டம். புருசனைக் கூப்புடற மாதிரி கூப்புடு" என்றார். அதோடு என் வாயிலிருந்த ஒரே வார்த்தையும் போயிற்று.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில் புருஷனைக் கூப்பிடுகிற வார்த்தை மாமா. அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். மோகன்ராஜைப் பதினைந்து வருஷம் மாமா என்று கூப்பிட்டேன். கோபமாக, கொஞ்சலாக, சமையலறையிலிருந்து, மொட்டைமாடியிலிருந்து, எல்லா ராகத்திலும் கூப்பிட்டுத் தேய்த்து என் பல்லுக்கு ஏற்றபடி ஆகிவிட்ட வார்த்தை. அதை எடுத்து இன்னொருவருக்குப் போட எனக்கு நாக்கு எழவில்லை. பெயர் சொல்லவோ பழக்கமில்லை. அதனால் நாலு மாதமாக இவரை எதுவும் சொல்லாமலே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். தொண்டையைக் கனைப்பேன். வளையலை மேசையில் தட்டுவேன். "இங்க பாருங்க" என்று காற்றைப் பார்த்துச் சொல்வேன். இவர் ஒரு தடவைகூட இதைப் பற்றிக் கேட்கவில்லை. டீச்சர் என்று இவர் கூப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை, எனக்கு அது பிடித்திருக்கிறது, எந்த நங்கையாள் சொன்னாலும் சரி. கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். கோபி வீட்டை விட்டு வரமாட்டேன், பள்ளிக்கூடத்தை விடமாட்டேன். மறு பேச்சில்லாமல் "சரிங்க" என்றார். சனிக்கிழமை சாயங்காலம் உடுமலையிலிருந்து பஸ்ஸில் வருவார், ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவார். நாலு மாதம் அப்படித்தான். இந்த எட்டு நாளில்தான் முதன்முதலாகத் திங்கட்கிழமை காலையில் இவர் முகத்தைப் பார்த்தேன். திங்கட்கிழமை இவர் எப்படி இருக்கிறார் தெரியுமா? தூங்கி எழுந்ததும் ஐந்து நிமிஷம் யாரோடும் பேசமாட்டார், பிறகு திடீரென்று ஏதாவது ஒரு மாட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். செவ்வாய்க்கிழமை அதேதான். புதன்கிழமை எனக்கு அந்த மாடு என்ன ஆயிற்று என்று தெரிந்தாகவேண்டியிருந்தது. இதை இழந்துவிட்டுப் போய் மறுபடியும் சனிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டுமா? நான் போட்ட நிபந்தனையை நானே எப்படி எடுப்பது? ஜூனில் ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வு வருகிறது, உடுமலையில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, அதை நான் மூன்று நாளாகப் போனில் தினமும் ஒரு தடவை திறந்து பார்க்கிறேன், ஏதோ சினிமா நடிகன் படத்தை ஒளித்துப் பார்க்கிற ஒன்பதாம் வகுப்புப் பெண் மாதிரி. சொல்லிவிடலாமா? இப்போதா? இல்லை, ஏதென்ஸ் போய். இல்லை, விமானத்தில். "சரிங்க" என்று அத்தனை வேகமாகச் சொன்னாரே, ஒருவேளை அவருக்கும் அதுதான் வசதியோ? ஐம்பத்து நாலு வருஷம் தனியாக இருந்த மனுஷன். வாரத்துக்கு ஒரு நாள் பெண்டாட்டி என்பது அவருக்கு அளவான மருந்தாக இருக்குமோ?

இதைத்தான் சுற்றிச் சுற்றி நினைத்துக்கொண்டிருந்தேன், வெள்ளை வெள்ளையாக வீடுகளோடு பாரோஸ் தீவு பக்கத்தில் வந்துவிட்டது. வழியில் இந்த ஒரு ஊரில் கப்பல் நிற்கும், பத்தே நிமிஷம். கப்பல் பின்பக்கமாகவே நகர்ந்து கரைக்கு வந்தது, பின்புறக் கதவு பாலம் போலக் கீழே இறங்கி மேடையைத் தொட்டது, கார்களும் பெட்டி இழுக்கிறவர்களும் ஒரே நேரத்தில் இறங்கவும் ஏறவும் ஆரம்பித்தார்கள். நாங்கள் மேலே கடைசித் தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேர் கீழே பார்த்துக்கொண்டிருந்தோம். துறைமுக மேடையில் ஒரு சின்ன டெம்போ நின்றிருந்தது, அதில் பத்துப் பன்னிரண்டு ஆடுகள். ஒன்று மட்டும் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு அது ஆட்டுச் சத்தம், இவருக்கு அது வேறு. கழுத்தை நீட்டிப் பார்த்தார். "காலு கம்பிக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. அந்த ஆளு தப்பா இழுக்கறாரு. ஒடஞ்சு போயிரும். இருங்க, வந்தர்றேன்" என்றார். "பத்து நிமிஷந்தான் நிக்குமுங்க" என்றேன். அதற்குள் படியில் இறங்கியாயிற்று. மேலிருந்து பார்த்தேன், கூட்டத்துக்கு எதிராகத் தோளைச் சாய்த்துச் சாய்த்துப் போகிறார், நீலச் சட்டை, உச்சந்தலையில் வழுக்கை வெயிலில் மினுங்குகிறது. டெம்போக்காரர் ஒரு பெரிய மீசைக் கிழவர், முதலில் கையை ஆட்டிப் போ போ என்றார். இவர் ஆட்டின் காதோரம் கையை வைத்து ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார்? எலா என்றா, இந்தா இந்தா என்றா? ஆடு கத்துவதை நிறுத்திவிட்டது! மேலேயே எனக்குக் கேட்டது, அது நிறுத்தியது. என் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம், அவளுக்குப் புரியாது என்று தெரிந்தே, "எங்க வீட்டுக்காரருங்க" என்றேன். சொன்ன பிறகு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

எத்தனை நிமிஷம் ஆயிற்று? ஏழு, எட்டு. ஏறுகிறவர்கள் கூட்டம் குறைந்துவிட்டது. அப்போதுதான் ஒரு லாரி டெம்போவுக்கு முன்னால் வந்து நின்று மறைத்தது, இவர் தெரியவில்லை. சரி, டெம்போ எப்படியும் கப்பலுக்குள்தானே வரும், அதோடு வந்துவிடுவார். லாரி ஏறியது. டெம்போ நகரவில்லை. ஏன் நகரவில்லை? சீருடைக்காரர் ஒருவர் டெம்போவைப் பார்த்து, நீ அடுத்த கப்பல் என்பது போல விரலைக் காட்டினார். கப்பல் ஊதியது. இவருடைய போன் என் பையில். பாஸ்போர்ட் என் பையில். பிரஷர் மாத்திரை என் பையில். கையில் ஒன்றுமில்லாமல், பாஷை தெரியாத ஊரில், ஆட்டோடு. சங்கிலி கிரீச்சென்று இழுபடுகிற சத்தம், பாலம் லேசாக அசைகிறது. உடனே பதினொரு வருஷத்துக்கு முந்தைய அந்த நாள் எங்கிருந்தோ வந்துவிட்டது. அது எப்போதும் இப்படித்தான், காத்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குக் கண்காணிப்பாளராகப் போயிருந்தேன். எல்லாருடைய போனையும் அணைத்து ஒரு கூடையில் போட்டுத் தலைமையாசிரியர் அறையில் வைத்திருந்தார்கள். வெளியே ஈரோடு பஸ் ஸ்டாண்டில் மோகன்ராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மூன்று மணி நேரம் நான் பிள்ளைகள் காப்பியடிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நடந்தேன். கடைசியாக அவரைப் பார்த்தது காலையில், கேட்டுக்கு வெளியே, முதுகுதான். முதுகைப் பார்த்துக் கூப்பிட நினைத்தேன், தேர்வுக்கு நேரமாகிறது என்று விட்டுவிட்டேன். இப்போதும் முதுகுதானே பார்த்தேன், படியில் இறங்கும்போது? எட்டு நாள் அதிகம் சிரித்துவிட்டேன். அதற்குத்தான். இல்லை, அப்படியெல்லாம் இல்லை, வாயை மூடு, கூப்பிடு. எதைச் சொல்லி? வளையலைக் கம்பியில் தட்டினேன், பைத்தியம் மாதிரி. கனைத்தால் கேட்குமா கடலில்? பாலம் ஒரு சாண் எழும்பிவிட்டது. வாய் தானாகத் திறந்தது. "யோவ்! யோவ் சென்னியப்பா!"

எங்கிருந்து வந்தது அந்த யோவ்? என் வாழ்க்கையில் யாரையும் அப்படிச் சொன்னதில்லை, பால்காரரைக்கூட. அறுபது பிள்ளைகளை இருபத்தாறு வருஷம் அடக்கிய தொண்டை, பாரோஸ் துறைமுகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டெம்போவுக்குப் பின்னாலிருந்து நீலச் சட்டை நிமிர்ந்தது. என்னைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார், ஓடி வந்தார். ஐம்பத்து நாலு வயது மனுஷன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை, இரண்டு கையையும் அகல விரித்து, கோழி பிடிக்க ஓடுவது மாதிரி. சீருடைக்காரர் விசிலை ஊதிக்கொண்டே பின்னால் ஓடினார். கப்பலின் விளிம்பு கண்ணை மறைத்துவிட்டது, ஏறினாரா, தண்ணீருக்குள் போனாரா, தெரியவில்லை. இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினேன். ஒரு தளம், இரண்டு தளம், எதிரே வருகிறவர்கள் மேலெல்லாம் இடித்து, சாரி சாரி என்று சொல்லி, கீழே போகிற இரும்புக் கதவு பூட்டியிருந்தது. கையால் தட்டினேன். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ கோபமாகக் கிரேக்கத்தில் கத்துகிற சத்தம். திட்டுகிறார்கள் என்றால் திட்டு வாங்க ஆள் இருக்கிறார்! அந்தத் திட்டு மாதிரி இனிப்பான ஒன்றை நான் கேட்டதில்லை. கதவு திறந்தது. சட்டையெல்லாம் ஆட்டுப் புழுக்கையும் கிரீஸும், இந்தத் தடவை நிஜமாகவே வண்டிக் கிரீஸ், மூச்சு வாங்க நின்றார். கப்பல்காரர் ஒருவர் இன்னும் இவர் முழங்கையை விடவில்லை. நான் பையைக் கீழே போட்டுவிட்டு இவர் தோளில் பட்டென்று ஒரு அடி வைத்தேன். இன்னொன்று வைத்தேன். கப்பல்காரர் என்ன நினைத்தாரோ, சட்டென்று பிடியை விட்டு, திட்டுவதையும் நிறுத்திவிட்டு, இனி இது என் வேலை இல்லை என்பது போலப் போய்விட்டார். "காலு ஒடையலீங்க டீச்சர்" என்றார் இவர். "ஆட்டுக்கா, உங்களுக்கா?" என்றேன். "ரெண்டு பேருக்குமே." அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டன. "என்னமோ சொல்லிக் கூப்புட்டீங்களே" என்றார், கண்ணாடியைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமல். "தெரியாம வந்துருச்சுங்க." "நல்லா இருந்துது. எங்கம்மா போனதுக்கப்பறம் அந்தப் பேரைச் சத்தமாக் கூப்புட யாருமில்ல. எல்லாரும் டாக்டர்தான். இன்னொருக்காக் கூப்புடுங்க." நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். "சென்னியப்பா" என்றேன், யோவ் இல்லாமல், மெதுவாக. வாயில் புதிதாக இருந்தது, ஆனால் பொருந்தியது.

மறுபடியும் மேல்தளத்துக்கு வந்து உட்கார்ந்தோம். சட்டையைக் கழுவிக் கம்பியில் கட்டிவிட்டு, குளிருக்கு என் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அது காற்றில் படபடவென்று அடித்தது. மூன்று மணி நேரம் அப்படியே போயிற்று. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டோம். கடல் ஒரு இடத்தில் நீலம், ஒரு இடத்தில் மயில் கழுத்து, ஒரு இடத்தில் ஏறக்குறையக் கறுப்பு, இத்தனை சாக்பீஸ் நான் எங்கே போய் வாங்குவது? நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் பயத்தில் இல்லை. கூப்பிட்டால் வருகிறார். அவ்வளவுதான் விஷயம், கூப்பிட்டேன், வந்தார். அப்படியானால் மற்றதையும் கேட்டுவிடலாமே? கேட்டால் என்ன ஆகிவிடும்? யோசிக்க விட்டால் வாய் ஏதென்ஸ், விமானம் என்று தள்ளிக்கொண்டே போகும். அதனால் யோசிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். "ஜூன்ல கலந்தாய்வு வருதுங்க. உடுமலையில ஒரு எடம் காலி இருக்குது. நான் அங்க வந்தர்றேன். ஒரேயடியா."

இவர் கடலைப் பார்த்தார். நான் இவர் காதைப் பார்த்தேன், காதோரம் நரைத்த முடியைப் பார்த்தேன். திங்கட்கிழமை காலை என்றால் ஐந்து நிமிஷ மௌனம் எனக்குத் தெரியும், இது வியாழக்கிழமை மத்தியானம், இதன் அளவு தெரியாது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. துப்பட்டா நுனியை விரலில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார். வேண்டாம் என்பதை நோகாமல் எப்படிச் சொல்வது என்று தேடுகிறாரோ? மாட்டுக்காரர்களிடம் கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன் என்று இவரே சொல்லியிருக்கிறார். இவ்வளவு பெரிய தண்ணீர்த் தொட்டி! அவசரப்பட்டுவிட்டேன். அடித்தது, கத்தியது, இப்போது வீட்டுக்கே வருகிறேன் என்றது, ஒரே நாளில் ஒரு மனுஷன் எவ்வளவு தாங்குவார்? பரவாயில்லை, வேண்டாம் என்றாலும் சனிக்கிழமை இருக்கிறது. இல்லை, பரவாயில்லை இல்லை. எனக்கு எல்லாக் கிழமையும் வேண்டும். இப்படி வேண்டும் வேண்டும் என்று நான் எதையும் கேட்டதில்லை, கேட்டுவிட்டேன், கேட்டது எனக்கே பிடித்திருக்கிறது, பதில் என்னவானாலும். இருபது நிமிஷம். தூரத்தில் மங்கலாக ஒரு கரை தெரிந்தது, தீவு இல்லை, நீளமான கரை, பெரிய நிலம். கப்பலில் எல்லாரும் எழுந்து பைகளை எடுக்க ஆரம்பித்தார்கள்.

"என்ர வீட்ல ஒரு அலமாரிதானுங்க இருக்குது" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. இடமில்லை என்கிறார். சரி. "பரவாயில்லீங்க" என்று ஆரம்பித்தேன். "இருங்க, சொல்லி முடிச்சர்றேன். இன்னும் ரெண்டு வாங்கோணும். மூணையும் எங்க வெக்கறதுன்னுதான் தெரியல. வடக்குச் சுவத்துல வெச்சா ஜன்னல் மறைஞ்சு போகுது." "இருவது நிமிஷமா இதத்தான் யோசிச்சுட்டு இருந்தீங்களா?" "பெரிய ஜன்னலுங்க அது" என்றார், ரொம்பக் கவலையாக. நான் எழுந்து கம்பி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன், உட்கார்ந்தே இருக்க முடியவில்லை. "எனக்கு ஒண்ணு போதுங்க. ரெண்டு எதுக்கு?" "மோகன்ராஜ் சாமானத்துக்கு ஒண்ணு வேணுமில்லீங்க? கோபி வீட்ல அந்த உள் ரூம்புல எல்லாம் அப்படியே வெச்சிருக்கறீங்க. கண்ணாடி, பேனா, சட்டைக. நீங்க வந்தா அதும் வரோணுமில்ல. அதையெல்லாம் விட்டுட்டு வாங்கன்னு நான் எப்படிங்க சொல்றது? அதனாலதான் இத்தன நாளும் வாங்கன்னே சொல்லல." அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். ஆட்டுக்கு மருந்து எழுதிக் கொடுப்பது போல. நான் அந்த அறைக் கதவை இவர் வருகிற ஒவ்வொரு சனிக்கிழமையும் மூடி வைப்பேன், இவர் பார்த்திருக்கமாட்டார் என்று நினைத்தேன். பார்த்திருக்கிறார். பார்த்து, நாலு மாதம், அதற்கும் சேர்த்து இடம் தேடியிருக்கிறார். பையிலிருந்து பேனாவை எடுத்து, ரொட்டி சுற்றியிருந்த காகிதத்தைத் தொடைமேல் நீவி, "உங்க வீட்டை வரைங்க. ஸ்கேல் வேண்டாம், தெசை மட்டும் ஒழுங்காப் போடுங்க" என்றேன். வரைந்தார். மாடு வரையச் சொன்னால் நன்றாக வரைவார் போல, வீடு கோணல். ஹால், சமையலறை, அந்தப் பெரிய ஜன்னல். "வடக்கு எங்க?" என்றால் கொல்லையைக் காட்டுகிறார். அது மேற்கு என்று நான், வடக்கு என்று அவர், அங்க குடியிருக்கறவன் நானு என்று அவர், சூரியன் எந்தப் பக்கம் விழுகிறது என்று நான். சூரியன் அங்கே கொல்லையில்தான் விழுகிறதாம்! அப்புறம் எப்படி அது வடக்காகும்? சத்தம் போட்டுச் சண்டை பிடித்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் எங்களைப் பாவமாகப் பார்த்தார்கள், கடைசி நாளில் பாவம் இந்தத் தம்பதி என்று.

நாங்கள் தலையை நிமிர்த்தியபோது மேல்தளத்தில் ஒருவருமில்லை. ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகம் நாலு பக்கமும் சூழ்ந்துவிட்டது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டடங்கள், சாம்பல் நிறத்தில், மலை வரைக்கும். பின்புறப் பாலம் இறங்குகிற சத்தம் கீழே கேட்டது. ஈரச் சட்டையை அவிழ்த்து மாட்டிக்கொண்டார், பட்டனை மாற்றிப் போட்டிருந்தார், நான் சரி செய்தேன். காகிதத்தை நாலாக மடித்து ஜாக்கிரதையாகப் பைக்குள் வைத்துக்கொண்டேன். படியில் இறங்கினோம், இந்தத் தடவை ஒன்றாக. அந்த இருட்டுக் கூடத்தைத் தாண்டி, பாலத்தின் மேல் கால் வைத்ததும் நகரத்துச் சூடு முகத்தில் அடித்தது. டீசல், வறுத்த கடலை, யாருடைய சென்ட்டோ. டாக்ஸிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள், பெட்டிச் சக்கரங்கள் கடகடவென்று எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. மணி மூன்று. மே மாதக் கடைசி, முப்பத்தெட்டாவது அட்சரேகை, இங்கே இருட்ட எட்டே முக்கால் ஆகும். இன்னும் ஐந்தே முக்கால் மணி நேரம் வெளிச்சம் இருக்கிறது, ஒரு முழு ஊர் இருக்கிறது. மெட்ரோ எந்தப் பக்கம் என்று இவர் ஆட்களைக் கேட்கத் திரும்பினார். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தேன்.